மணல்தொட்டியில் நீலமேகம்

பீம்ராவைக் கீழே இறக்கும்போது இருந்தவர்கள்: அம்மா குப்பம்மா. தங்கை செங்கொடி. தாய்மாமன் மனோகரன், கையில் போஸ்டர் ஒட்டிய பசை காய்ந்து வெள்ளையாக. அவர் மனைவி. பீம்ராவ் எழுத்தராக வேலை பார்த்த சரக்குக் கிடங்கிலிருந்து இரண்டு பேர், ஒருவர் மாலையோடு, இன்னொருவர் அடிக்கடி மணி பார்த்துக்கொண்டு. பஞ்சசீலம் சொல்ல வந்த புத்த விகாரைக்காரர். படிகளில் நின்ற குடியிருப்புக்காரர்கள். அவர்களை யாரும் எண்ணவில்லை. இவர்கள் தவிர இன்னும் மூன்று பேர். அவர்கள் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியிலிருந்து பிணத்தை இறக்குவது லேசான வேலை இல்லை. படி திரும்பும் இடத்தில் பாடை திரும்பாது. தூக்கியவர்கள் அதை நிமிர்த்தப் பார்த்தார்கள். அதில் கிடந்தவன் எழுந்து நிற்கப்போவது போல் ஆயிற்று. குப்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது தெரியாத மூவரில் வயதானவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நிமித்தாதீங்க. கால் பக்கம் கீழ போவட்டும். தலப் பக்கத்த கைப்பிடிச் சுவருமேல ஏத்து. அவ்ளதான். இப்போ திருப்பு."

திரும்பியது. கீழே வந்ததும் மனோகரன் அவரிடம் நீங்கள் யார் என்று கேட்டார். பெயர் ஜார்ஜ், எண்ணூரில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சாரிடம் படித்தவர்களில் ஒருவர் என்றார். ஜார்ஜுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பீம்ராவுக்கு வயது நாற்பத்து நான்கு. மனோகரன் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. செங்கொடியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பாத்தியா? நான் போட்டது கரெக்டு."

அவர் போட்டது எதிர்ச் சுவரில் இருந்தது. கண்ணீர் அஞ்சலி. பீம்ராவின் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, மேலே மெழுகுவர்த்தி வைத்து, கீழே கொட்டை எழுத்தில் 'பேராசிரியர் பீம்ராவ்' என்று இருந்தது. நேற்றுச் சாயங்காலம் அச்சகத்துக்காரன் என்ன வேலை என்று கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் எடுப்பான் என்று இவர் சொல்லியிருக்கிறார். கிளாஸ் எடுப்பவன் பேராசிரியர்தானே. நூறு போஸ்டர். டோல்கேட்டிலிருந்து கல்மண்டபம் வரை ஒட்டியாகிவிட்டது. செங்கொடி அதை விடியற்காலையில்தான் பார்த்தாள். கிழிக்கத் தெம்பில்லை.

பீம்ராவ் கிளாஸ் எடுத்தது உண்மை. கல்மண்டபத்தில் ஷாகுல் ஹமீது வைத்திருக்கும் பிரௌசிங் சென்டரில், ஞாயிறு காலை பத்து மணிக்கு, நான்கு கம்ப்யூட்டர்களில். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது, விக்கி என்பார்கள். அதில் எப்படி எழுதுவது, அடுத்தவர் எழுதியதை எப்படித் திருத்துவது, எங்கே ஆதாரம் கொடுப்பது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். கட்டணம் கிடையாது. நான்கு வருடத்தில் நாற்பது பேர் வந்திருப்பார்கள். முப்பது பேர் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார்கள். நேற்றும் அங்கே போகத்தான் கிளம்பினான். டோல்கேட்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றவன் அப்படியே உட்கார்ந்தான். யாரோ குடிகாரன் என்று நினைத்து அரை மணி நேரம் விட்டுவிட்டார்கள்.

கல்மண்டபத்தில் மூன்று பேர் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு மணி வரை காத்திருந்தார்கள்.

அந்த மூவர்தான் இவர்கள். ஜார்ஜ். ராயபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கும் வினிதா, காசிமேட்டுப் பெண், இருபத்தாறு வயது. கடைக்காரர் ஷாகுல் ஹமீது. அவரும் ஓரத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்தான்.

மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குச் செங்கொடியும் போனாள். அந்தக் குடியிருப்பில் பெண்கள் போவதில்லை. மனோகரன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. வராதது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. இருபது வருடமாகத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு ஷிப்ட் பார்க்கிறாள். கேட்டுக்குள் வரும் பெட்டிகளின் எண்ணைத் தட்டச்சு செய்யும் வேலை. இரண்டு நாள் தூங்காமல் இருந்தால் உடம்பில் ஒரு மரப்பு வரும். அந்த மரப்பா இல்லை வேறு ஏதாவதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அண்ணனோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது.

ஒரே வீடுதான். ஒரே குழம்புதான். பேச்சு இல்லை. அவனும் முயன்று பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் அவன் விடவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு அவள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது எழுந்து வந்து, அவள் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டுவான். தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்து வெகுநாள் ஆகிவிட்டது. உள்ளேயிருந்து சாவி போட்டுப் பூட்ட வேண்டும். கதவும் இறங்கிவிட்டதால் சற்று மேலே தூக்கிப் பிடித்தால்தான் சாவி திரும்பும். அந்தப் பக்குவம் அவனுக்குத் தெரியும். முதல் படியில் கால் வைக்கும்போது பூட்டு விழும் சத்தம் கேட்கும். இரண்டு வருடமாக அவன் அவளிடம் பேசியது அவ்வளவுதான்.

மண் தள்ளி முடிந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, ஜார்ஜும் வினிதாவும் தள்ளி நின்று அடிக்குரலில் சண்டை போடுவது தெரிந்தது. செங்கொடி பார்த்ததும் இருவரும் நிறுத்தினார்கள். பிறகு வினிதா பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அங்கிள் நேத்து ராத்திரி சாரப் பத்தி விக்கில ஒரு பக்கம் போட்டுட்டாரு. நான் அத நீக்கணும்னு அறிவிப்பு வெச்சிட்டேன்."

"மண்ணு கூட காயல," என்றார் ஜார்ஜ். "அதுக்குள்ள அழிக்கணும்ன்றா இந்தப் பொண்ணு."

"ஆதாரம் இன்னா குத்துகிறீங்க அங்கிள்? போஸ்டரு. செவுத்துல ஒட்ன போஸ்டர போட்டோ எடுத்து ஆதாரம்னு போட்டுகிறீங்க. அதுல சாரு பேராசிரியராம். சார் பாத்தா இன்னா சொல்வாரு?"

"அவரு பாக்கத்தான் இல்லியே."

குழாய் திறந்தே இருந்தது. செங்கொடி மூடினாள்.

குடும்பத்தார் என்ற முறையில் அவள் சொல்வதைக் கேட்பதாக இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வெளியே வரவில்லை. போயும் போயும் தன்னிடம் கேட்கிறார்கள் என்று நினைத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவள்தான். தட்டச்சு வேகம் இருந்ததால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எதைப் பற்றி எழுதுவது என்று அண்ணன் கேட்டபோது யோசிக்கவில்லை. நீலமேகம் என்று தலைப்பு போட்டாள். அவர்களுடைய அப்பா. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். 1989 ஜூன் முப்பதாம் தேதி, தூக்கிய கட்டு அறுந்து விழுந்ததில் செத்தவர். அந்த வருடம்தான் செங்கொடி கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஒரு மாதம் போனாள். மூன்று நாள் உட்கார்ந்து இருபத்திரண்டு வரி எழுதினாள். அப்பா எந்தக் கையால் கொக்கி பிடிப்பார் என்பது வரை எழுதினாள். நான்காம் நாள் பக்கம் இல்லை. அந்த இடத்தில் ஒரு பெட்டிக்குள் இரண்டு வரி அறிவிப்பு. அதைச் செய்தவர் பெயர் அண்ணனுடையது.

ஏன் என்று கேட்டாள். ஆதாரம் இல்லை என்றான். நான் ஆதாரம் இல்லையா என்று கேட்டாள்.

"நீ மக. மக சொல்றது ஆதாரமா ஆவாது," என்றான்.

அவள் அதற்குப் பிறகு அந்தத் தளத்தைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தாள். மனோகரன் இறப்புச் சான்றிதழுக்கு ரேஷன் கார்டு வேண்டும் என்றார். வீட்டில் இல்லை. அட்டை கிழிந்துகொண்டு வருகிறது என்று ஸ்கேன் எடுக்க சனிக்கிழமை பீம்ராவ் கொண்டுவந்து கொடுத்ததாகவும், கடையில்தான் இருக்கிறது என்றும் ஷாகுல் ஹமீது கடைக்குத் திரும்பிய பிறகு போனில் சொன்னார். செங்கொடி தானே போய் வாங்கி வருவதாகச் சொன்னாள். வீட்டில் அவளைப் பார்த்து எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அது அவளுக்குத் தாங்கவில்லை.

கல்மண்டபத்தில் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். ஜார்ஜும் வினிதாவும் அங்கேயே இருந்தார்கள், ஆளுக்கொரு மூலையில். வேறு ஆள் இல்லை. ஷாகுல் ஹமீது இன்று வியாபாரம் வேண்டாம் என்று விட்டிருந்தார். ரேஷன் கார்டைக் கவரில் போட்டுக் கொடுத்தார். பிறகு ஒரு குஷனையும் எடுத்து வைத்தார். பீம்ராவுக்கு முதுகு வலி. அது இல்லாமல் உட்கார மாட்டான்.

"நம்ம தோஸ்துது. நீங்களே வெச்சிக்கோங்க," என்றார். டீ சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். சொன்னார்.

வினிதா ஜார்ஜ் எழுதிய பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஐந்து வரி. பேராசிரியர் பீம்ராவ் தமிழறிஞர் என்றும் எண்ணற்ற மாணவர்களை உருவாக்கியவர் என்றும் இருந்தது. பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று போட்டிருந்தார். அது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி. அவன் பிறந்தது தண்ணீர் முட்டி அளவு நின்ற மழைக்காலம் என்று அம்மா சொல்வாள். ஐந்து வரியில் சரியாக இருந்தது அவன் பெயர் மட்டும்தான்.

"நல்லா எழுதிகிறீங்க," என்றாள் செங்கொடி. ஜார்ஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்தது.

பிறகு வினிதா பீம்ராவுடைய பேச்சுப் பக்கத்தைக் காட்டினாள். புதிதாக வந்தவர்கள் கேட்ட சந்தேகங்கள் மேலிருந்து கீழே நீளமாகப் போயின. படம் ஏன் வரவில்லை. நான் எழுதியதை ஏன் எடுத்துவிட்டார்கள். ஒற்றுப் போட வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் எழுதியிருந்தான். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஒரே கேள்வியை ஒருவர் ஆறு முறை கேட்டிருந்தார். ஆறு முறையும் பதில் இருந்தது. கேட்டவர் ஜார்ஜ். வீட்டில் அவன் இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

"இது இன்னா?" பக்க ஓரத்தில் ஒரு பெயரைக் காட்டிக் கேட்டாள்.

"அது சாரோட மணல்தொட்டி அக்கா. எழுதிப் பாக்கறதுக்கு. இன்னும் சரியாவாதத அங்க தான் போட்டு வெப்பாரு."

மணல்தொட்டியில் ஒரே ஒரு பக்கம் இருந்தது. நீலமேகம்.

வினிதா அதைத் திறந்தாள். இருபத்திரண்டு வரிகளும் இருந்தன. ஒரு வார்த்தைகூட மாறவில்லை. கொக்கி பிடித்த கையும் இருந்தது. வரிகளின் முடிவில் மட்டும் சின்னதாக 'ஆதாரம் தேவை' என்று இருபத்திரண்டு இடத்தில் இருந்தது.

"அழிக்கலியா?" என்றாள் செங்கொடி.

"நகத்திகிறாரு. அழிச்சிருந்தா இருக்காதுல்ல. வரலாறு பாத்தா தெரியும். நீங்க பாக்கலியா அக்கா?"

வரலாறு என்ற பொத்தானை முதலில் அழுத்து, பிறகு கோபப்படு என்பது அவன் முதல் வகுப்பில் சொல்லும் பாடம். அவள் அந்த வகுப்பில் இருந்தவள்.

வினிதா வரலாற்றைத் திறந்தாள். அடியில் அவள் எழுதிய மூன்று நாள். அதற்கு மேல் முப்பத்து மூன்று தொகுப்புகள், பக்கத்தைத் திறந்து சேமித்த தடவைகள். எல்லாம் பீம்ராவ் செய்தவை. பெரும்பாலும் சனிக்கிழமைகள். சனிக்கிழமை அவன் எங்கே போகிறான் என்று இரண்டு வருடமாக வீட்டில் யாரும் கேட்டதில்லை. 'ஆதாரம் தேவை' தவிரப் பக்கத்தில் அவன் எதையும் சேர்த்திருக்கவில்லை, எடுக்கவும் இல்லை. சேமிக்க ஒரு வழி வேண்டுமே என்று ஒரு இடைவெளியை மட்டும் தட்டிச் சேமித்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், என்ன மாற்றினோம் என்று எழுதும் இடத்தில் மட்டும் ஒரு வரி.

'நூலகம். காலை நாளிதழ், 1989 ஜூலை 1, 2, 3. இல்லை.'

'மாலை நாளிதழ். ஜூலை 2 இதழ் கட்டில் இல்லை. மறுபடி கேட்க வேண்டும்.'

'மறுபடி கேட்டேன். இல்லை.'

'சங்க அலுவலகம். பழைய பதிவேடு கரையான் அரித்துவிட்டது என்கிறார்கள்.'

'சங்க அலுவலகம். வேறு ஆளிடம் கேட்டேன். அதே பதில்.'

செங்கொடி திரையை மேலே தள்ளிக்கொண்டே போனாள். டீ வந்தது. ஷாகுல் ஹமீது அவள் பக்கத்தில் வைத்தார். அதில் ஆடை படிந்தது.

போன மாதத்தில் ஒன்று: 'கிடைத்தது. கோவைப் பதிப்பு, ஜூலை 2, பக்கம் 7. நான்கு வரி.'

அதற்கு மேல்: 'பெயர் இல்லை. தொழிலாளி ஒருவர் என்று இருக்கிறது. வயது 50 என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு 46.'

எல்லாவற்றுக்கும் மேல், நேற்று முன்தினம், மாலை 5.10: 'இதை வைத்துப் போட முடியாது. வேறு தேடுகிறேன்.'

அவ்வளவுதான் இருந்தது. செங்கொடி கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் ஒன்று போயிற்று, கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"இதெல்லாம் யாரு வேணா பாக்கலாமா?"

"யாரு வேணா பாக்கலாம் அக்கா. எப்பவும் தெறந்துதான் கீது."

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"ஜார்ஜ் அய்யா. அந்தப் பக்கத்த எடுத்துருங்க."

ஜார்ஜ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"அவரு இருந்தாருன்னு எங்கியாவது இருக்கணும்ல ம்மா. நமக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?"

"போதாது," என்றாள். "எடுத்துருங்க."

ஜார்ஜ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தான் உருவாக்கிய பக்கத்தை எடுக்கச் சொல்லிக் கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை தவறான இடத்தில் அழுத்தினார். வினிதா எழுந்து போய் அவர் பின்னால் நின்றாள். காலையிலிருந்து போட்ட சண்டை அவள் குரலில் இல்லை.

"மேல 'தொகு'ன்னு கீது பாருங்க அங்கிள். ஆங். மொத வரில. காரணம் எழுதுங்க. சேமிக்காதீங்க, சேமிக்காதீங்க. மொதல்ல முன்தோற்றம் பாருங்க."

"இன்னா காரணம் எழுதட்டும்?"

வினிதா செங்கொடியைப் பார்த்தாள். செங்கொடி ரேஷன் கார்டுக் கவரை மடியில் வைத்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஆதாரம் இல்லன்னு எழுதுங்க," என்றாள் வினிதா.

ஜார்ஜ் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். நேரம் ஆயிற்று. யாரும் உதவவில்லை. சேமித்து முடித்த பிறகு கையை விசைப்பலகையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று ஷாகுல் ஹமீதிடம் கேட்டார். கடை என்றைக்கும் உண்டு என்றார் அவர். தெரு முனையில் இரண்டு பேர் போன வாரம் விசாரித்தார்களாம், வந்தாலும் வருவார்கள்.

கிளம்பும்போது செங்கொடி வினிதாவிடம் ஒன்றைக் கேட்டாள்.

"இந்த மணல்தொட்டி எங்க யார்டு கம்ப்யூட்டர்ல வருமா?"

"நெட்டு இருந்தா வரும் அக்கா. பாஸ்வேர்டு ஞாபகம் கீதா?"

"கீது."

வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. மனோகரன் கூடத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் மனைவி சமையலறையில் யாரோ கொண்டுவந்து வைத்த சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். குப்பம்மா சுவரில் சாய்ந்து, மகன் படுத்திருந்த இடத்தைப் பார்த்தபடி இருந்தாள். அந்த இடம் கழுவிவிட்டதால் ஈரமாக இருந்தது. செங்கொடி குஷனை அலமாரி மேல் வைத்தாள். ரேஷன் கார்டை அம்மாவிடம் கொடுத்தாள். முகம் கழுவிப் புடவை மாற்றினாள். டிபன் டப்பாவை எடுக்கவில்லை.

"போறியா?" என்றாள் குப்பம்மா.

"நேத்து போவல. இன்னிக்கும் போவலன்னா வேற ஆள போட்ருவான்."

அது பாதி உண்மை. குப்பம்மா மறுபாதியைக் கேட்கவில்லை. மனோகரனின் மனைவி மட்டும், பாலுகூட ஊத்தல, அதுக்குள்ள வேலையாம் என்று பாத்திரத்திடம் சொன்னாள்.

ஆறரை மணி. செங்கொடி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பழக்கத்தில் கதவைச் சும்மா இழுத்து விட்டுவிட்டு இரண்டு எட்டு நடந்தாள். பிறகுதான் நின்றாள். பின்னால் சத்தம் இல்லை. கீழே எதிர்ச் சுவரில் அண்ணன் போஸ்டரில் பேராசிரியராக இருந்தான். ஒரு முனை பிரிந்து காற்றில் அடித்துக்கொண்டது.

உள்ளே அம்மா எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கதவு சட்டத்தோடு சேர்ந்தது. சாவி உள்ளே நுழைந்தது. அரைச் சுற்று போய் மாட்டிக்கொண்டது.

செங்கொடி திரும்பி வந்து கதவருகே நின்றாள்.

"மொதல்ல தூக்கும்மா. அப்பால திருப்பு."

"தூக்கிகினுதான் கீறேன்."

"கைப்பிடிய இல்ல. கதவ. இன்னும் கொஞ்சம்."

மறுபடி மாட்டியது. அம்மா மூச்சு வாங்கினாள். செங்கொடி அவசரப்படுத்தவில்லை. கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். மரம் மெதுவாக மேலே போவது கைக்குத் தெரிந்தது.

மூன்றாவது தடவை பூட்டு விழுந்தது.